கேப்டன் குமரனும் ஒரு தாழ்ப்பாளும்

பொங்கல் விடுமுறை தொடங்கிய நாளிலிருந்து குமரன் கேப்டனாகிவிட்டான்.

"குமரா, சாப்பிட வா" என்று அம்மா கூப்பிட்டால் வரமாட்டான். "கேப்டன், சாப்பிட வாங்க" என்றால்தான் வருவான். கேப்டனுக்கு வயது எட்டு. பெரிய காஞ்சிபுரத்தில் அவர்கள் வீடு இருக்கும் தெருவில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. ஆனாலும் அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்று, தூரத்தில் நிலம் தெரிகிறதா என்று பார்ப்பான். தெரிந்ததெல்லாம் ஆட்டோக்கள்தான்.

அவனுடைய அக்காவின் பெயர் ஏலவார்குழலி. பள்ளியில் டீச்சர் அந்தப் பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்த பிள்ளை "உள்ளேன் டீச்சர்" சொல்லிவிடும். அதனால் எல்லோருக்கும் அவள் குழலி. ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

இந்தக் கேப்டன் கூத்துக்கெல்லாம் காரணம், அப்பாவின் பள்ளித் தோழர் ஜெயக்குமார் மாமா. அவர் பல வருடங்கள் கப்பல்களில் வேலை பார்த்தவர். இப்போது கோவளத்தில் 'நீலா' என்ற பாய்மரப் படகு வைத்திருக்கிறார். அதைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோகப் போவதாக அவர் போன் செய்திருந்தார்.

"இனிமே படகு அங்கதான்டா இருக்கும். புள்ளைங்களக் கூட்டிக்கினு வா. போற வழியில பழைய துறைமுகம் எல்லாம் பாக்கலாம். மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை. ஆலம்பரையில இறங்கி நீங்க பஸ் புடிச்சிடுங்க" என்றார்.

அப்பா வேலாயுதம் பட்டுச்சேலை நெய்பவர். கல்யாணம், காய்ச்சல் இரண்டுக்கும் தவிர அவர் தறியை நிறுத்தியதே இல்லை. இந்த முறை உடனே சரி என்றார். அம்மா மட்டும் வரவில்லை. "எனக்கு பஸ்ல போனாலே தலை சுத்துது. படகா?" என்று சொல்லிவிட்டு, புளிசாதம் கட்டிக் கொடுத்தாள்.

கோவளத்தில் படகில் ஏறியதுமே குமரன் லைஃப் ஜாக்கெட்டைத் தானே மாட்டிக்கொண்டான். முன்பக்கம் பின்பக்கமாக இருந்தது.

"கேப்டன், உங்களுக்கு நெஞ்சு முதுகுலயா இருக்குது?" என்று கேட்டுச் சிரித்தாள் சிம்ரன். ஜெயக்குமார் மாமாவின் மகள். பதின்மூன்று வயது. அவளுக்குப் படகில் எந்தக் கயிறு எதற்கு என்று எல்லாமே தெரியும். குமரனின் காது சிவந்துவிட்டது.

கரையை விட்டு விலகியதும் மாமா பாயை ஏற்றினார். மோட்டாரை நிறுத்தினார். வடக்கிலிருந்து வந்த காற்று பாயைப் பிடித்துக்கொண்டது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சத்தமில்லாமல் தெற்கு நோக்கி ஓடியது. கரையில் சவுக்குத் தோப்புகளும் மீனவர் குப்பங்களும் மெதுவாக நகர்ந்தன.

அப்பா பாய்மரத்தின் அடியில் உட்கார்ந்து, கடலையே பார்த்தார். வீட்டில் அவர் முகம் இப்படி இருந்து குழலி பார்த்ததில்லை.

"டால்பின்! டால்பின்!" என்று திடீரென்று சிம்ரன் கத்தினாள். எல்லோரும் படகின் முனைக்குப் போனார்கள். பளபளவென்று முதுகுகள் தண்ணீரிலிருந்து எழுந்து எழுந்து மறைந்தன. அவை போன பிறகும் நால்வரும் வெகுநேரம் அங்கேயே நின்றார்கள்.

குழலி திரும்பியபோது குமரன் படகின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் வேர்வை.

"டால்பின் பாத்தியாடா?"

"ம். பாத்தேன்."

அதற்குப் பிறகு கேப்டன் வாயே திறக்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்றான். மாமா மோர் கொடுத்தார். அதுவும் வேண்டாம். புளிசாதம் மட்டும் இரண்டு வாய் சாப்பிட்டான். காலைக் குறுக்காகப் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

மாலையில் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் தெரிந்தது. கடலிலிருந்து பார்க்கும்போது அது தண்ணீரிலேயே முளைத்தது போல இருந்தது.

"பல்லவர் காலத்துல நம்ம காஞ்சிபுரத்துக்கு இதுதான் துறைமுகம். கப்பல்ல வந்தவங்க எல்லாம் இந்தப் பக்கத்துல இருந்துதான் பாத்திருப்பாங்க. நாமதான் எப்பவும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருந்து பாக்குறோம்" என்றார் மாமா.

நங்கூரம் போட்டுவிட்டு, சின்ன ரப்பர் படகில் கரைக்கு வந்தார்கள். கால் மணலில் பட்டதோ இல்லையோ, குமரன் ஒரே ஓட்டமாக ஓடினான்.

"கோயில் பாக்க என்ன ஆர்வம் பாரு!" என்று பெருமைப்பட்டார் அப்பா.

ஆனால் குமரன் கோயில் பக்கம் ஓடவில்லை. அவர்கள் தங்கப் போகும் விடுதிக்குள் ஓடினான்.

மறுநாள் காலை எல்லோரும் கிளம்பி நின்றார்கள். குமரன் மட்டும் மணலில் உட்கார்ந்துகொண்டான்.

"நான் வரல."

"ஏன்டா? வாந்தி வருதா?" என்று கேட்டார் அப்பா.

"இல்ல."

"தண்ணிய பாத்து பயமா இருக்குதா?"

"பயமெல்லாம் இல்ல. கடல் புடிக்கல. அவ்ளோதான்."

ஜெயக்குமார் மாமா பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தார். சுக்கானைப் பிடிக்கத் தருவதாகச் சொன்னார். அதற்கும் குமரன் அசையவில்லை. "கேப்டன் ரிட்டயர் ஆயிட்டாரா?" என்றாள் சிம்ரன். அவன் அவளை முறைத்துவிட்டு, மணலில் குழி தோண்டத் தொடங்கினான்.

அப்பா கொஞ்ச நேரம் படகையே பார்த்தார். அலையில் அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பிறகு பையைத் தோளில் மாட்டினார்.

"வுடுடா ஜெயக்குமார். சின்னப் புள்ள, வற்புறுத்த முடியாது. நாங்க இப்படியே ஊருக்குத் திரும்பிடறோம். நீ கிளம்பு."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் குரல் சிரிக்கவில்லை.

குழலிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "உன்னாலதான்டா எல்லாம்! அப்பா எவ்ளோ ஆசையா வந்தாரு தெரியுமா? இனிமே உன்னக் கேப்டன்னு கூப்பிட்டா என் பேரு குழலி இல்ல!"

குமரனின் உதடு துடித்தது. அழாமல் இருக்க அவன் படும் பாட்டைப் பார்த்ததும் குழலியின் கோபம் பாதியாகிவிட்டது. மாமாவும் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். "வாடா, இளநி குடிக்கலாம்" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

இளநீர் வண்டியில் குமரன் ஒரு இளநீரை ஒரே மூச்சில் குடித்தான். இன்னொன்று கேட்டான். அதையும் குடிக்கத் தொடங்கினான்.

குழலி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று படகில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவன். கரைக்கு வந்ததும் விடுதிக்கு ஓடியவன். இனிமேல் படகு இல்லை என்றதும் இரண்டு இளநீர்.

"குமரா," என்று மெதுவாகக் கேட்டாள். "படகுல பாத்ரூம் போனியா?"

அவன் குடிப்பதை நிறுத்தினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"யாருகிட்டயும் சொல்லமாட்டியே? அந்தக் கதவு தொறக்கவே இல்லக்கா. தாழ்ப்பா மாட்டிக்கிச்சு. உள்ள ஒரே இருட்டு. கீழ தண்ணி குளுக் குளுக்குன்னு மேல வர மாதிரி சத்தம். நான் தட்டிக்கினே இருந்தேன். யாருமே வரல. எல்லாரும் டால்பின் டால்பின்னு கத்திக்கினு இருந்தீங்க. அப்புறம் படகு நிமிந்தப்பதான் தொறந்துச்சு."

"அப்ப நீ டால்பின் பாக்கவே இல்லையா?"

இல்லை என்று அவன் தலையை ஆட்டினான்.

குழலி அவன் தோளில் கையை வைத்தாள். "அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சிம்ரன் அக்காவுக்குத் தெரிஞ்சிடும். கேப்டனுக்குக் கதவு கூட தொறக்கத் தெரியலன்னு சிரிப்பாங்க. நீ சொல்லாதக்கா. ப்ராமிஸ் பண்ணு."

குழலி அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பிறகு யோசித்தாள். சொல்லாவிட்டால் கதவு சரியாகாது. சொன்னால் சத்தியம் போய்விடும். நீண்ட நேரம் அவள் ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டே நின்றாள்.

பிறகு நேராக மாமாவிடம் போனாள்.

"மாமா, எனக்கு உங்க படகு பாத்ரூம்னா பயமா இருக்குது. தாழ்ப்பா மாட்டிக்கினா என்ன பண்றதுன்னு நெனச்சு நெனச்சு நேத்து தூக்கமே வரல. அதை முதல்ல சரி பண்ணிக் குடுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஐயோ, பாத்ரூமுக்கு பயமா!" என்று சிம்ரன் கையைத் தட்டிச் சிரித்தாள். இளநீர்க்காரர் கூடச் சிரித்தார். குழலியின் முகம் சுட்டது. ஆனாலும் அவள் அங்கிருந்து நகரவில்லை.

குமரன் வாயைத் திறந்தபடி அக்காவைப் பார்த்தான்.

மாமா சிரிக்கவில்லை. "அதுல சிரிக்க என்ன இருக்குது? வாம்மா, பாத்துடலாம்" என்றார். "குமரா, நீ பயணத்துக்கு வர வேணாம். சும்மா எனக்கு ஸ்க்ரூட்ரைவர் எடுத்துக் குடு, போதும். வரியா?"

அதற்கு மட்டும் குமரன் கிளம்பினான்.

படகில் ஏறியதும் குழலி அந்தக் குட்டி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். திறந்தது. "நல்லாதான இருக்குது" என்றார் மாமா. "நேத்து மாதிரி படகு சாஞ்சா?" என்று உள்ளிருந்தே கேட்டாள் குழலி. மாமா எல்லோரையும் படகின் ஒரே பக்க ஓரத்தில் போய் நிற்கச் சொன்னார். படகு கொஞ்சம் சாய்ந்தது. அவரே தோளால் கதவை வெளியிலிருந்து அழுத்தினார்.

உள்ளே 'டக் டக்' என்று சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் அசையவில்லை.

"மாமா, நெஜமாவே மாட்டிக்கிச்சு!" என்று கத்தினாள் குழலி. இப்போது அவளுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. உள்ளே அவ்வளவு இருட்டு.

மாமா கதவை விட்டுவிட்டு, எல்லோரையும் நடுவில் வரச் சொன்னார். படகு நிமிர்ந்ததும் கதவு திறந்தது. அவர் குனிந்து பார்த்தார். உப்புக் காற்றில் தாழ்ப்பாள் துருப்பிடித்து வளைந்திருந்தது. "சாஞ்சா கதவோட எடை முழுக்க இது மேல வருது. எப்படி தொறக்கும்? இத்தன நாள் எனக்கு யாருமே சொல்லலையே!"

சிம்ரன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கும் ஒருதடவ மாட்டிக்கிச்சுபா" என்றாள் சின்னக் குரலில். "உதைச்சு தொறந்துட்டேன். சொன்னா நீங்க சிரிப்பீங்கன்னு சொல்லல."

மாமா மகளைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குமரன் நீட்டிய ஸ்க்ரூட்ரைவரை வாங்கித் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்தார். அந்த இடத்தில் கதவைப் பிடித்துக்கொள்ள ஒரு கயிற்று வளையம் கட்டினார்.

"லைஃப் ஜாக்கெட்டுல விசில் இருக்குதே மாமா, அதையும் உள்ள எடுத்துக்கினு போகலாம். ஏதாவதுன்னா ஊதலாம். தட்டுனா கேக்காது, விசில் கேக்கும்" என்றாள் குழலி.

குமரன் உள்ளே போனான். கயிற்று வளையத்தை மாட்டினான். கழற்றினான். மறுபடியும் மாட்டினான், கழற்றினான். வெளியே வந்து, ஒன்றும் நடக்காதது போலக் கேட்டான்.

"மாமா, சுக்கான் புடிக்கத் தரேன்னு சொன்னீங்களே, நெஜமாவா?"

அப்பா தோளில் இருந்த பையைக் கீழே வைத்தார்.

அன்று காற்று நன்றாக இருந்தது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தை விட்டு வெகுவாக விலகிக் கடலுக்குள் போய், மறுபடி கரைப்பக்கம் திரும்பினார்கள். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டையைப் பார்த்தார்கள். வாசலில் பீரங்கிகள் நின்றன. உள்ளே கல்லறைகளில் மண்டையோடு செதுக்கியிருந்தது. குமரன் ஒவ்வொரு மண்டையோட்டுக்கும் வணக்கம் வைத்தான். "நம்ம பக்கத்துத் துணியெல்லாம் இங்க இருந்துதான் கப்பல் ஏறிச்சு" என்றார் மாமா. அப்பா கோட்டைச் சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மறுபடி படகில் ஏறிய சிறிது நேரத்தில் கரையில் ஓர் இடைவெளி தெரிந்தது.

"அது பாலாறு. கடல்ல சேர்ற எடம்" என்றார் மாமா.

"நம்ம ஓரிக்கைப் பாலாறா?" என்று வியந்தாள் குழலி. ஊரில் பெரும்பாலும் மணலாகவே பார்த்த ஆறு, இங்கே பளபளவென்று கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து விசில் சத்தம் வந்தது. எல்லோரும் திடுக்கிட்டார்கள். குமரன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு இங்கேயே நின்றான். அப்படியென்றால் உள்ளே யார்?

"டேய் ஜெயக்குமார்!" என்று அப்பாவின் குரல் கேட்டது. "இந்தத் தண்ணி பம்ப எப்படிடா அடிக்கிறது?"

படகே குலுங்கும்படி எல்லோரும் சிரித்தார்கள்.

வெயில் தாழும்போது ஆலம்பரைக்கு வந்து சேர்ந்தார்கள். பழைய கோட்டையின் உடைந்த செங்கல் சுவர்கள் கழிமுகத்து ஓரத்தில் சிவப்பாக நின்றன. குழந்தைகள் மூவரும் ஒரு சுவர் மேல் ஏறத் தொடங்கினார்கள்.

"பாத்து ஏறு குழலி. மேல பாத்ரூம் எதுவும் இல்ல, பயப்படாத" என்றாள் சிம்ரன். காலையிலிருந்து இது எத்தனையாவது கேலி என்று குழலி எண்ணவில்லை. சிரித்துவிட்டுப் பேசாமல் ஏறினாள்.

குமரன் நடுவில் நின்றுவிட்டான்.

"அது அக்கா இல்ல," என்றான் சத்தமாக. "உள்ள மாட்டிக்கினது நான். பயந்ததும் நான்தான். அக்கா எனக்காகச் சொன்னா."

சிம்ரன் அவனைப் பார்த்தாள். குழலியைப் பார்த்தாள். கேலி செய்யத் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"நீயாவது சொல்லிட்ட," என்றாள் கடைசியில். "எனக்கு அதுக்கு ஒரு வருஷம் ஆச்சு. கையக் குடு கேப்டன்."

அவள் ஒரு கையையும் குழலி இன்னொரு கையையும் பிடித்து இழுக்க, குமரன் சுவரின் உச்சிக்கு வந்து சேர்ந்தான். கீழே நீலா தங்க நிறத் தண்ணீரில் மிதந்தது. அப்பா பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு அலையில் நின்றார்.

"அப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு!" என்று மேலிருந்து கூப்பிட்டாள் குழலி.

அப்பா திரும்பவே இல்லை. "அடுத்த பஸ்ல போலாம்மா" என்றார்.