ஈரத் தட்டு

ஆறாவது பெட்டியிலிருந்து எடுத்த முதல் இசைத்தட்டு ஈரமாக இருந்தது.

உறைக்குள்ளிருந்து இழுத்தபோதே அது சும்மா வரவில்லை. ஒட்டிக்கிடந்து, உதடு பிரிகிற மாதிரி ஒரு சத்தத்தோடு கழன்று வந்தது. அன்ரனிதாஸ் அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் விளிம்பிலே பிடித்து ரோச் வெளிச்சத்துக்குச் சரித்தான். கறுப்பு மினுங்கியது. கடதாசி உறையின் வெளிப்பக்கம் அப்பளம் போலக் காய்ந்து முறுகியிருந்தது. மழை கண்டு நாலு மாதம். கூரையில் ஓர் ஓடு கூட விலகியிருக்கவில்லை. தட்டு மட்டும் நனைந்திருந்தது, அதுவும் இளஞ்சூடாக.

புங்குடுதீவு மடத்துவெளியில், கோயில் திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விட்ட சோமாஸ்கந்தன் என்பவருடைய வீடு அது. தொண்ணூற்றொன்றில் பூட்டிவிட்டுப் போன குடும்பம் பிறகு திரும்பவேயில்லை. இப்போது பிரான்சிலிருக்கும் மகன் வீட்டை விற்கப்போகிறான். அதற்கு முன் ஏழு தேயிலைப் பெட்டி நிறைய இருந்த பழைய இசைத்தட்டுகளை யாழ்ப்பாணத்து வியாபாரி ஜெகதீசுக்குக் கொடுத்துவிட்டான். ஒவ்வொரு தட்டையும் எடுத்துப் பார்த்து, முதலாம் தரமா நாலாம் தரமா என்று உறையில் ஒட்டுத்தாள் ஒட்டுவது அன்ரனிதாசின் வேலை. அதற்கு அறை இருட்டாக இருக்க வேண்டும். வெயில் வெளிச்சத்தில் மயிர்க்கீறல்கள் ஒளிந்துகொள்ளும். இருட்டில் ஒற்றை விளக்கைச் சரிவாகப் பிடித்தால்தான் தட்டு தன் காயத்தையெல்லாம் காட்டும். அதனால் பட்டப்பகல் ஒரு மணிக்கு யன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் சாக்கு அடைத்து, கடலுக்குள் கொண்டுபோன பழைய ரோச் லைற்றைக் கதிரையில் கட்டிவைத்திருந்தான்.

இந்த வேலைக்கு வந்து ஆறு மாதம். அதற்கு முன் பதினாறு வருடம் ஊர்காவற்றுறையிலிருந்து கடலட்டைக்குச் சுழியோடியவன். ஒன்பது பாக ஆழத்தில் இடது செவிப்பறை வெடித்தது. இன்னும் ஒருதரம் முங்கினால் மற்றக் காதும் போய்விடும் என்று டொக்டர் சொன்னார். இடது காதில் எண்ணெய் தொட்ட பஞ்சு. வலது காதில்தான் உலகம். எட்டு மாதப் பிள்ளை நிலக்சனா இரவில் சிணுங்கினால் கேட்க வேண்டும் என்று, அந்தக் காது மேலே இருக்கிற மாதிரி இடது பக்கம் சரிந்துதான் படுப்பான். ஒற்றைக் காதனுக்குக் கரையில் கிடைத்த ஒரே வேலை இதுதான். இதை விட்டால் கடல். கடலென்றால் அந்தக் காதும் இல்லை.

விரலால் தட்டைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துப் பிரித்தான். நூல் மாதிரி இழுபட்டது. அறாமல், நடுவில் ஒரு சின்ன முட்டையோடு தொங்கியது.

கடலட்டையின் வயிற்றைக் கீறி, குடலைப் பிதுக்கி எறிந்து, அரைப் பீப்பாயில் அவித்து, அந்த நாற்றம் தோலுக்குள் இறங்கிய கையால் சோறு தின்றவன் அவன். ஒருநாளும் குமட்டியதில்லை. இதற்கு முகத்தைத் திருப்பினான்.

கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். தட்டின் நடுவில் வரிகளே இல்லை. ஊசி தேய்த்த தேய்மானம் அவனுக்குத் தெரியும். சாம்பல் பூத்த வட்டமாக இருக்கும். ஊசி வட்டமாகத்தான் போகும். இது குறுக்கே போயிருந்தது. விளிம்பிலிருந்து நடுவுக்கு, மூன்று விரல் அகலத்தில், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில். பிள்ளைகள் சூப்பிய இனிப்புப் போல வழுவழுவென்று.

ஜெகதீசுக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, ஆறாம் பெட்டி ஈரமாக் கிடக்குது."

"கூரை ஒழுகியிருக்கும்."

"இந்த வெய்யிலுக்குள்ளை என்ன ஒழுக்கு? உறை காஞ்சு கிடக்கு. தட்டு மட்டும்தான் ஈரம். நடுவிலை வரியும் இல்லை, வழிச்சு விட்ட மாதிரி."

"நாய் நக்கினதோ?" ஜெகதீஸ் தன் பகிடிக்குத் தானே சிரித்தான். "கதையை விட்டிட்டு நாலாம் தரத்தைப் போடும். பெட்டியளை ஏத்த நாலு மணிக்கு வான் வருது. பெட்டிக்கு ஒண்டு போட்டுக் கேட்டும் பாரும். ஏலாதெண்டா இப்பவே சொல்லும், வேற ஆளைப் பாக்கிறன். உமக்கென்ன, கடல் கிடக்குதானே."

"ஏலாதெண்டு நான் சொல்லேல்லை."

போனை வைத்தபோது வாசலில் கிளாஸ் சத்தம். பக்கத்து வீட்டு நாகபூஷணி அக்கா. முப்பது வருடத்துக்கு மேலாகப் பூட்டிக்கிடந்த இந்த வீட்டின் திறப்பை வைத்திருப்பவள். தேநீரோடு கதவுக்கு அப்பால், வெயிலிலேயே நின்றாள்.

"உந்த அறைக்குள்ளை நான் வாறேல்லைத் தம்பி. இதிலை வைக்கிறன், வந்து எடும்."

"ஏனக்கா, பாம்பு கீம்பு கிடக்கோ?"

"பாம்பெண்டால் அடிக்கலாம். மணம்தான் ஏலாது."

"என்ன மணமெண்டு சொல்லுங்கோ பாப்பம். நான் கடலட்டை அவிச்ச ஆள்."

"பல்லுத் தீட்டாத வாய் மணம்."

"அப்ப அது என்ரையாத்தான் இருக்கும்."

"உம்மடை வாய் இண்டைக்குத்தான் வந்தது. இது நான் திறப்பை வாங்கின நாளிலையிருந்து கிடக்குது."

அவன் தேநீரை எடுத்தான். "அவை போகேக்கை வீட்டிலை எல்லாரும்தானே போனவை?"

"எல்லாரும்தான். நான்தான் வள்ளத்திலை ஏத்திவிட்டனான்." முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "வான் வந்தால் கூப்பிடுறன். கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு செய்யுமன்."

"வெளிச்சம் வந்தால் கீறல் தெரியாது அக்கா."

கதவைச் சாத்தினான். அவள் சொல்லும்வரை அது பழைய வீட்டு நாற்றம்தான்: வௌவால் புழுக்கை, உக்கிய கடதாசி, உப்புக்காற்று. சொன்னபிறகு வேறொன்றாகவும் அதை மோக்க முடியவில்லை. காய்ச்சல்காரன் விடிய வாய் திறந்தால் வருகிற மூச்சு. பல்லிடுக்கில் இரண்டு நாள் கிடந்த மீன். அது மூக்கில் நில்லாமல் தொண்டையில் இறங்கி, தேநீரின் மேல் ஆடை போல நாக்கில் படிந்தது. மிச்சத்தைக் குடிக்காமல் மூலையில் ஊற்றினான்.

ஒரு சந்தேகம். காலையில் முடித்த பெட்டிகளைத் திரும்பக் கிண்டினான். முதலாம் பெட்டியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில், ஊசித் தேய்மானம் என்று தானே எழுதி இரண்டாம் தரம் ஒட்டிய தட்டின் விளிம்பில், பெருவிரல் நகமளவுக்கு ஒரு வழுவழுப்பு. மூன்றாவதில் அது வெற்றிலை அளவு. நாலாவதில் கை அளவு. ஐந்தாவதில் அரைத் தட்டு. எல்லாம் காய்ந்து, வெள்ளையாய்ப் படை பிடித்திருந்தன. அதைப் பூஞ்சணம் என்று எழுதியிருந்தான். பிழை. கையில் வைத்துப் பார்த்தும் பிழை விட்டிருக்கிறான். ஏதோ ஒன்று முதலாம் பெட்டியின் பக்கத்திலிருந்து தொடங்கி, பெட்டி பெட்டியாக, ஆறுதலாக, ருசி பிடித்து வந்திருக்கிறது. ஆறாவதில் ஈரம் இன்னும் காயவில்லை.

போய்விடலாம் என்று நினைத்தான். கதவு ஆறு எட்டு வைக்கிற தூரம். எச்சிலுக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று ஜெகதீசிடம் சொல்லலாம். மாரியில் திரும்பவும் காற்றுச் சிலிண்டரைக் கட்டி முங்கலாம். பிறகு ஓரிரவு, பக்கத்திலேயே பிள்ளை அழுதுகொண்டு கிடக்க, கேட்காமல் நித்திரை கொள்ளலாம்.

இருந்தான். இன்னும் ஒரு பெட்டி.

ஆறாவதில் மிச்சம் எல்லாம் நாலாம் தரம். துடைக்கத் துடைக்கத் துணி கனத்தது. ஏழாவதில் தட்டுகள் மெலிந்திருந்தன. வெளிச்சத்துக்குப் பிடித்தால் மறுபக்கத்தில் தன் விரல்கள் நிழலாகத் தெரிந்தன. சிலதில் நடுவிலுள்ள கடதாசி வட்டமே இல்லை. சிலதின் விளிம்பில் மட்டும் மூன்று நாலு வரி பிழைத்திருந்தது, கோழிக்காலில் மிச்சம் விட்ட தோல் மாதிரி.

பெட்டிக்கு ஒன்று போட்டுக் கேட்க வேண்டும். அவன் கொண்டுவந்திருந்த, பற்றரியில் ஓடும் சின்ன இசைத்தட்டுக் கருவியின் ஸ்பீக்கர் பழுது. ஊசியின் நுனியில் வருகிற கொசுச் சத்தத்தைத்தான் கேட்கலாம். முழங்காலில் நின்று, தலையைச் சரித்து, வலது காதை ஊசிக்குக் கிட்டக் கொண்டுபோனான். இடது பக்கம் இருட்டைப் பார்த்து நிமிர்ந்திருந்தது.

பிழைத்த வரிகளில் ஒரு நாதஸ்வரம் அரை மூச்சுக்கு வந்தது. பிறகு வரி முடிந்தது. ஊசி வழுக்கியது. பாட்டு இருந்த இடத்தில் சப், சப் என்று ஒரு சத்தம். கிழவர்கள் பல்லில்லாத வாயை மெல்லுகிற சத்தம். இடையிடையே மூச்சு.

ஊசியைத் தூக்கினான்.

சத்தம் நிற்கவில்லை. தட்டு தன் பாட்டில் சுற்றியது. சப். சப். பிறகு நின்றது.

எங்கேயிருந்து வந்தது? ஒற்றைக் காதுக்குத் திசை இல்லை. எந்தச் சத்தமும் வலப்பக்கத்தில்தான் பிறக்கும். பின்னாலா, மேலேயா, பக்கத்திலா, தெரியாது. ரோச்சைத் திருப்பினான். பெட்டிகள். சாக்கு. சுவர். கூரை மரத்தில் ஏதோ மினுங்கியது. சிலந்தி வலை என்று நினைத்தான். வலை துளி விடாது. இது விட்டது.

கழுத்தின் இடது பக்கம் சூடாக ஒன்று வழிந்தது. வேர்வை. அறை புழுங்குகிறது. வேர்வைதான்.

இன்னும் ஒரு தட்டு. பெட்டியின் அடியில் கடைசி. உறையை எடுத்தான். கனமில்லை. வாயைத் திறந்து சரித்தான். தட்டு வரவில்லை. சின்னதாக ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. ஈரமாக. சப்பி உருட்டிய பஞ்சு.

மூக்குக்குக் கிட்டப் பிடித்தான். அந்த வாய் நாற்றம். அதற்குக் கீழே, மெல்லியதாக, தேங்காயெண்ணெயும் கற்பூரமும். விடிய அவன் மனைவி யூலியானா தொட்டுத் தந்த எண்ணெய்.

கையை இடது காதுக்குக் கொண்டுபோனான்.

வழுவழுப்பு.

நோவில்லை. இரத்தமில்லை. மடல் இல்லை, மடிப்பு இல்லை, துளை இல்லை. கன்னத்திலிருந்து பிடரிவரை ஒரே தோல். கழுவின கோப்பை மாதிரி. விரல் வழுக்கிக்கொண்டு போனது. விரலை எடுத்தபோது நூல் இழுபட்டது.

எவ்வளவு நேரமாக. ஐந்தாம் பெட்டியிலிருந்தா. தேநீர் எடுக்கப் போனபோது அக்கா வலப்பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குத் தெரிந்திராது. செத்த பக்கம். அங்கே ஒன்றும் கேட்காது. எச்சில் பட்டு மரத்தும் போயிருக்கும். ஆறுதலாக இருந்து செய்திருக்கிறது.

வலது காதைக் கையால் பொத்தினான். இறுக்கி. இரண்டு கையாலும்.

வெளியே நாகபூஷணியின் குரல் கைக்குள்ளால் கேட்டது. "தம்பி, வான் வந்திட்டுது."

கேட்டது. தெளிவாகக் கேட்டது. கதவு ஆறு எட்டு. எழும்பினான். ஒன்று. இரண்டு.

சின்ன விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் சூடாக ஒன்று நுழைந்தது. மெல்லியது. அரம் மாதிரி. அவசரமில்லாமல் இடம் பார்த்தது. விரல்களை நெரித்தான். நெரித்த இடத்தில் அது தட்டையானது, அடுத்த இடுக்கைத் தேடியது. மூன்று எட்டு. நாலு. பிள்ளை இப்போது தொட்டிலில். சிணுங்கும் நேரம்.

"தம்பி, கேக்குதே? வான் நிக்குது. ஜெகதீஸ் தம்பி—"

குரல் தேய்ந்தது. சொல் போனது. பிறகு சத்தம்.

சப்.

தோளால் கதவை இடித்தான். கதவு திறந்தது. வெயில். முற்றத்தில் நாகபூஷணி, அவளுக்குப் பின்னால் வான், வானின் புகை. எஞ்சின் ஆடுவது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய வாய் அசைந்தது. அவன் கைகள் தலையிலிருந்து தாமாகவே வழுக்கி இறங்கின.

அவள் அவனுடைய இடப்பக்கத்தைப் பார்த்தாள். வலப்பக்கத்தைப் பார்த்தாள். வாய் அசைவது நின்றது. பிறகு அவளுடைய கண்கள் அவனை விட்டுவிட்டு, அவன் தலைக்கு மேலே, நிலைப்படிக்கு மேலே, மெதுவாக உயர்ந்துகொண்டு போயின. உயர்ந்த இடத்திலேயே நின்றன. இரண்டு உள்ளங்கைகளையும் எடுத்து அவள் தன் காதுகளைப் பொத்தினாள்.

அவன் நெற்றியில் சூடாக ஒரு துளி விழுந்தது.