அடித்தகட்டில் நான்கு குமிழ்கள்

அந்தப் படத்தில் குமிழுக்கும் குமிழுக்கும் நடுவே இருந்த இடைவெளி அரை சென்டிமீட்டர்தான். ஜெயக்கொடி ஸ்கேலை வைத்து இரண்டு தடவை அளந்தாள். பெரியவர்கள் விரல் எதுவும் அதற்குள் நுழையாது.

செஞ்சி கடைத்தெருவில், கலியபெருமாள் வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டிக்கு மேலே இருந்த அறையில் அவள் மிடி கன்ட்ரோலர் செய்து கொடுத்துவந்தாள். தானாகச் சத்தம் போடாத பெட்டி அது. மேலே இருக்கும் ரப்பர் பேடைத் தட்டினாலோ குமிழைத் திருகினாலோ கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மேளமும் வயலினும் அதன்படி ஒலிக்கும். வாசிப்பவர் கைக்கு ஏற்றபடி அமைத்துத் தருவாள் என்று பெயர் எடுத்திருந்தாள். அந்தப் பெயரைத்தான் வல்லத்து இராமச்சந்திரன் இரண்டு மாதமாகக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். எட்டு பேட், நான்கு குமிழ் என்று ஆர்டர் கொடுத்தார். குமிழ்களை மேலே வைத்தாள், வேண்டாம் என்றார். பின்பக்கம் வைத்தாள், அதுவும் வேண்டாம், அடித்தகட்டில் வேண்டும் என்றார். மடியில் வைத்து வாசிப்பவருக்கு அடியில் எதற்குக் குமிழ் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதாக அதையும் செய்து அனுப்பினாள். மறுநாளே போன் வந்தது.

"குமிழ் எட்டல மேடம்."

"இன்னா சார் எட்டல? கைய கீழ விட்டுத் திருப்ப வேண்டியதுதான?"

"என் கைக்கு இல்ல மேடம்."

போனை வைத்துவிட்டார். பிறகு குமிழ்களின் இடத்தைக் குறித்து வரைந்த இந்தப் படம் மட்டும் வந்தது.

நாலாவது பெட்டிக்காக ஒன்பது நாள் உட்கார்ந்தாள். அவ்வளவு நெருக்கத்தில் சால்டரிங் செய்யும்போது ஒரு கம்பி இன்னொரு கம்பியைத் தொட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டாள். முடித்த அன்று அவருக்குப் போன் போட்டு, "நேர்ல வாங்க சார். என் முன்னாடியே டெஸ்ட் பண்ணிட்டு எடுத்துனு போங்க. இதுக்கு மேல ஒரு ஸ்குரூவ கூட தொட மாட்டேன்" என்று கத்தினாள்.

மறுநாள் மூன்று மணிக்கு மழை பிடித்து, கரண்ட் போனது. ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலை இருந்த இடமே தெரியவில்லை. கீழே மண்டியிலிருந்து நனைந்த சாக்கின் வாடை மேலேறி, அறையில் தங்கியிருந்த ஈயப் புகையோடு கலந்து தொண்டையைக் கரித்தது. தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தத்துக்கு நடுவே, யாரோ பாரம் சுமப்பதுபோல ஒரு படி ஏறி, நின்று, மறுபடி ஒரு படி ஏறி வருவது கேட்டது.

இராமச்சந்திரன்தான். மூன்றாவது பெட்டியை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"அத கீழ வெச்சிட்டு உக்காருங்க."

"பரவால்ல மேடம். மொதல்ல நீங்க மடியில வெச்சுக் காட்டுங்க."

சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். புதுப் பெட்டியை மடியில் வைத்து, பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பில் வயரைச் செருகினாள். திரையில் குமிழுக்கு ஒன்றாக நான்கு கோடுகள். நான்கிலும் பூஜ்யம். இரண்டு கையையும் பேட் மேல் வைத்துத் தட்டிக் காட்டினாள். அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் முழங்கால் அவள் முழங்காலில் இடிக்கும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தள்ளி..."

முதல் கோடு அசைந்தது. மூன்று. ஏழு. மறுபடி மூன்று.

லூஸ் கனெக்‌ஷன். ஒன்பது நாள் உழைத்தும் லூஸ் கனெக்‌ஷன். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எந்தக் கம்பி என்று யோசிப்பதற்குள் இரண்டாவது கோடு நகர்ந்தது. பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றும் மெல்ல ஏறி, இறங்கி, திரும்ப ஏறியது. கம்பி தொட்டுக்கொண்டால் எண் துள்ளும். இப்படி நிதானமாக ஏறாது.

தொடையில் உணர்ந்தாள். குமிழ் திரும்புவதை. அதைப் பிடித்துத் திருப்புவதையும்.

குளிர்ச்சி. ஈரம். மிகச் சிறிய விரல்கள்.

அவள் கைகள் இரண்டும் பேட் மேலேயே இருந்தன.

எதிரே டமால் என்று சத்தம். இராமச்சந்திரனின் பழைய பெட்டி தரையில் விழுந்து கிடந்தது. அவர் விடுபட்டதை நம்பாதவர்போலத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வயிற்றுப் பக்கம் சட்டை கொத்துக் கொத்தாகக் கசங்கி, கிழிந்திருந்தது.

அவர் குனிந்தார். அவள் மடிக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த இருட்டைப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இப்ப எட்டுதா?"

நான்கு கோடுகளும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போயின.

"யார்கிட்ட சார் பேசறீங்க? சார்!"

அவர் எழுந்துவிட்டார். வாசலில் நின்று திரும்பினார். "மன்னிச்சிடு தாயி. பேட்ல இருந்து கைய மட்டும் எடுத்துடாத."

ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்றவர் தடதடவென்று இறங்கி ஓடினார்.

பேட்டரி தீர்ந்து லேப்டாப் அணைந்தது. திரை கறுத்தது. குமிழ்கள் நிற்கவில்லை. கிறிச். கிறிச். கிறிச்.

ஜெயக்கொடி கையை எடுத்தாள்.

கிறிச் சத்தம் நின்றது.

பெட்டியைத் தட்டிவிட்டு எழுந்துவிடலாம். அவ்வளவுதான். எழுந்தாள். நிமிர்ந்து நின்றாள். கை இரண்டையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டாள்.

பெட்டி விழவில்லை.

அவள் வயிற்றோடு ஒட்டி நின்றது. அதற்கு அடியில் சுடிதார் துணியை எதுவோ பிடித்தது. முதலில் ஒரு இடத்தில். பிறகு இன்னொரு இடத்தில், கொஞ்சம் மேலே.