வாக்கிங் டிஸ்டன்ஸ்

“ரயில்வே ஸ்டேஷன் வாக்கிங் டிஸ்டன்ஸ்னு எழுதினது யாருங்க?”

மழையில் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தவன் கேட்ட முதல் கேள்வி. வீட்டுத் தரகரான பெரியப்பா சட்டென்று போனில் மும்முரமானார். அவரிடம் விளம்பரம் எழுதுகிற தம்பி மகள்தான் எழுந்து நின்றாள்.

“நான்தான். ஏன், பக்கத்துலதானே?”

“நீங்க நடந்து பாத்தீங்களா? எங்கம்மா முட்டிவலியோட நடந்தாங்க.”

சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

“வாங்க... இப்பவே நடந்து காட்டறேன்!”

விளம்பரத்தில் வந்த வீட்டு வாசலில் நின்றால் ஸ்டேஷன் கண்ணெதிரே தெரிந்தது. தெரிந்து என்ன? நடுவில் தண்டவாளமும் உயரமான வேலியும். வரைபடத்தில் விரல் வைத்து அளந்து எழுதுவது அவர்கள் அலுவலகத்து வழக்கம்; விரலுக்கு வேலி ஏது?

சுற்றிப் போகும் சாலை நீண்டுகொண்டே போனது. செருப்பு கடித்தது. அலுவலகத்தில் இருந்த ஒரே குடையை அவள் பக்கமே சாய்த்துப் பிடித்து வந்தான் அவன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறானாம். மழைத்துளி வழிந்த கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள்... சிரிக்கின்றனவா என்ன?

“ஆட்டோ கூப்பிடட்டுமா?”

“வேண்டாம். நடந்துதான் முடிப்பேன்.”

“அப்பப்பா, என்னா பிடிவாதம்!”

“உங்களுக்கு மட்டும் குறைச்சலாக்கும்?”

ஸ்டேஷன் வந்ததும் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். “தப்பு என்னுதுதான். மாத்திடறேன்” என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

அலுவலகம் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் பெரியப்பா குதித்தார். “அந்த வார்த்தைய எடுத்தா எவன் வீடு பாக்க வருவான்? எடுத்தேன்னா நாளைலேர்ந்து நீ வராதே!”

“சரி, வரலை பெரியப்பா. ஆனா மாத்திட்டுதான் போவேன்.”

மாற்றினாள். ‘வீட்டு வாசலிலிருந்து ஸ்டேஷன் தெரியும். சுற்றி நடக்க அரை மணி ஆகும்.’

மறுநாள் தன் சாமான்களை எடுத்துப்போக வந்தவள், கைப்பையுடன் வாசலைத் தாண்டும்போது எதிரே அவன், தன் அம்மாவோடு. அம்மா நேராகப் பெரியப்பாவிடம் போனார்.

“விளம்பரத்தப் பாத்தேங்க. உள்ளத உள்ளபடி எழுதற இடத்துலதான் வீடு பாக்கணும். வேற வீடு காட்டுங்க. எழுதின பொண்ணே கூட வரட்டும்.”

பெரியப்பா அசடு வழிய நாற்காலியை இழுத்துப் போட்டார். “பைய உள்ள வைம்மா” என்றார் அவளிடம்.

அவள் நெஞ்சு படபடத்தது, வேலைக்காக மட்டுமில்லை. அவன் அருகே வந்தான்.

“ஒண்ணு சொல்லணும். நேத்து ஸ்டேஷன் வந்தப்ப... அதுக்குள்ள வந்துடுச்சேன்னு இருந்துச்சு. உங்களோட எவ்வளவு தூரம்னாலும் நடப்பேங்க. உங்களப் பிடிச்சிருக்கு.”

அவள் கன்னம் சிவந்தது. ஆனால் கண்களைத் தாழ்த்தவில்லை.

“எனக்கும்தான்... ஆனா அத விளம்பரத்துல எழுத முடியாதே!”