கடல் காற்றும் கறுப்பு டேப்பும்

1993, ஆகஸ்ட். வெள்ளிக்கிழமை. மாலை ஏழேகால்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்து அரசு ஊழியர் குடியிருப்பு. எட்டு மணிக்கு டிவியில் சினிமாப் பாட்டு. அந்த நேரத்தில் கடற்கரையிலிருந்து மெயின் கேட் வரை நடந்தால் பாட்டில் ஒரு வரிகூடத் தவறாது. எல்லா வீட்டு ஜன்னலும் ஒரே பாட்டைப் பாடும். அப்படி ஒரு காலம் அது.

அன்றைக்கு எல்லா வீட்டுத் திரையிலும் படத்துக்குப் பதிலாக வெறும் புள்ளிகள். கொசு மொய்த்தது.

சமூகக்கூட மொட்டை மாடியில்தான் ஊருக்கே பொதுவான ஆன்டெனா. அதன் கீழே இருந்த பூஸ்டரைக் காணோம். சென்னையிலிருந்து நோஞ்சானாக வந்து சேரும் சிக்னலைத் தேற்றி வீடு வீடாக அனுப்புகிற பெட்டி அது. மாடிக் கதவின் பூட்டு உடையவில்லை. சாவி இரண்டே. ஒன்று, ஆன்டெனாப் பொறுப்பாளர் பார்த்தசாரதியிடம். மற்றொன்று அவருடைய உதவியாள் தாவீதிடம். ஆறு வருடமாகத் தினக்கூலி. திங்கட்கிழமை அவனுக்கு நிரந்தர வேலைக்கான இன்டர்வியூ.

பாதுகாப்பு அதிகாரி பூபாலன் ஒரே நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார். "சார் எடுப்பாரா? இவன்தான். கேட் பாஸைப் பிடுங்குங்க."

விஜிலன்ஸ் அதிகாரி வசந்தா மட்டும் அவசரப்படவில்லை. பாட்டுப் பைத்தியம் அந்த அம்மாள். வெள்ளிக்கிழமை பறிபோன கோபம் அவருக்கும் உண்டு.

சனிக்கிழமை, காலை ஒன்பது. மொட்டை மாடி.

அறுந்து தொங்கிய கேபிள் முனையை வசந்தா தூக்கிப் பார்த்தார். கறுப்பு டேப் நெருக்கமாகச் சுற்றியிருந்தது.

"யார் சுத்தினது?"

"நான் இல்ல மேடம். நான் மேல வரவே இல்ல."

"எதுக்குச் சுத்துவாங்க?"

"கடல் காத்து மேடம். அப்பிடியே வுட்டா ரெண்டே நாள்ல செம்பு பச்சையாப் பூடும். சார்தான் கத்துக்குடுத்தாரு." தாவீது கையைக் கூப்பினான். "திங்கக்கெழம இன்டர்வியூ கீது மேடம். இத்த நான் இன்னாத்துக்கு எடுக்கப் போறேன்?"

பூபாலன் சிரித்தார். "டேப் சுத்தத் தெரியும்னு அவனே சொல்லிட்டான் பாருங்க."

பத்தரை மணி. பார்த்தசாரதியின் குவார்ட்டர்ஸ்.

எண்பத்துநாலில் அந்த ஆன்டெனாவைத் தன் கையால் நட்டவர் பார்த்தசாரதி. ஊரே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

"எங்க வீட்லயும் கொசுதான் மேடம்" என்றார். "எட்டு மணிக்கே படுத்துட்டோம். புது பூஸ்டர் வாங்க ஆறு மாசம் இழுக்கும். பேசாம தனியார் கேபிளை உள்ள விட்டுடலாம். ஜனங்க பாவம்."

"தாவீது?"

"நல்ல பையன்தான். ஏழ்மை, என்ன பண்றது." தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் மனைவி லதா காபி கொண்டுவந்தார். வசந்தா பெருமூச்சு விட்டார். "நேத்துப் பாட்டு போச்சே, அதுதான் எனக்கு வருத்தம்."

"வருத்தப்படாதீங்க மேடம். நேத்து ஒண்ணும் பிரமாதமில்ல. எல்லாம் புதுப் பாட்டு."

காபி நன்றாக இருந்தது. வசந்தா கொல்லைப்பக்கமாக வெளியே வந்து, தென்னை மரங்களை அண்ணாந்து பார்த்தபடி காம்பவுண்டு சுவர் வரை நடந்தார்.

மாலை ஐந்து. மறுபடியும் மொட்டை மாடி. எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்.

"விக்கறதுக்காக எடுத்தவன் மிச்ச ஒயரைப் பத்திக் கவலைப்பட மாட்டான்" என்று ஆரம்பித்தார். "இது ஆன்டெனா மேல பாசம் உள்ள கை. அப்படி ரெண்டு பேர்தான் இருக்காங்க. அதுல ஒருத்தர் வீட்டம்மா, எனக்கு ஆறுதல் சொல்றதா நினைச்சு, நேத்து எல்லாமே புதுப் பாட்டுன்னு சொன்னாங்க. ஊருக்கே கொசு. அவங்க எங்க பார்த்தாங்க, பார்த்தசாரதி சார்?"

பார்த்தசாரதி தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"உங்க கொல்லை ஜன்னல்லேருந்து தென்னை மரம் வழியா ஒரு ஒயர் போகுது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கேபிள் கடை, மாடியில டிஷ். போர்டுல பெயின்ட்கூடக் காயல. லதா அம்மா பேர்தான் எழுதியிருக்கு."

பூபாலன் வாயைப் பிளந்தார்.

"கேபிள் நடத்துறது ஒரு குத்தமா மேடம்?" என்றார் பார்த்தசாரதி. "பசங்க படிப்பு, செலவு..."

"அரசு ஊழியர் வீட்டுல யார் தொழில் பண்ணாலும் அனுமதி வாங்கணும்னு விதி. கேட்டிருந்தா, ஆன்டெனா வேலையை வேற ஆளுக்கு மாத்திட்டு யோசிச்சிருப்பாங்க. நீங்க கேக்கல. ஊர் ஆன்டெனாவைக் காப்பாத்தச் சம்பளம் வாங்குறவரே கேபிள் வித்தா, ஆன்டெனா கெடுற ஒவ்வொரு நாளும் உங்களுக்கு லாபம். வேலியே பயிரை மேயக் கூடாதுன்னுதான் சார் அந்த விதி. அதைவிட, இந்தப் பையனோட ஆறு வருஷத்தைத் திங்கக்கிழமையோட முடிக்கப் பார்த்தீங்களே!"

தாவீது குருவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பூஸ்டர் அவர் வீட்டுப் பரணில் இருந்தது. பாலிதீனில் சுற்றி, பழைய வேட்டியில் பொதிந்து வைத்திருந்தார். கடலில் எறிய மனம் வரவில்லையாம். அதைக் கேட்டபோது வசந்தாவுக்கு அழுகை வந்தது.

"இன்னும் ரெண்டு வருஷம் மேடம்" என்றார் அவர் படியிறங்கும்போது. "அப்புறம் இந்த ஆன்டெனாவை ஒருத்தரும் சீண்ட மாட்டாங்க."

திங்கட்கிழமை தாவீது இன்டர்வியூவுக்குப் போனான். வேலை நிரந்தரமாயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை கடற்கரையிலிருந்து கேட் வரை மறுபடியும் ஒரே பாட்டு. பார்த்தசாரதி சஸ்பென்ஷனில் ஊரைவிட்டே போயிருந்தார்.

அவர் சொன்னது பலித்தது. இரண்டு வருடத்தில் முறையாக டெண்டர் விட்டு கேபிள் வந்தது. வீட்டுக்கு ஒரு சேனல், ஜன்னலுக்கு ஒரு சத்தம். ஆன்டெனாவை இறக்க உத்தரவு வந்த அன்று வசந்தாவும் மாடிக்குப் போனார்.

தாவீது கேபிளை வெட்டினான். பிறகு பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து, முனையில் நெருக்கமாகச் சுற்ற ஆரம்பித்தான்.

"இனிமே இதை யாருப்பா சேர்க்கப் போறா?"

"யாரும் சேக்க மாட்டாங்க மேடம்." அவன் நிமிரவில்லை. "சாரு அப்பிடித்தான் கத்துக்குடுத்தாரு."