பஞ்சுத் தீ

பஞ்சுத் தீ சாய்ந்திருந்தது. காலையில் அதைக் குட்டிக் கூரையின் மேல் நேராக நிறுத்திப் பசை தடவியது பெங் ஹாக்குக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது அதன் நாக்குகள் எல்லாம் மாடி சன்னல் பக்கம் திரும்பியிருந்தன. விசிறி ஓடவில்லை. பசை காயவில்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு இடுக்கியால் நிமிர்த்தினான்.

மாடல் செய்கிறவர்களில் பாதிப் பேர் தீயைத் தலைகீழாகத்தான் செய்வார்கள். அடியில் சிவப்பு, நுனியில் மஞ்சள். பார்த்தாலே அவனுக்கு எரிச்சல் வரும். பெங் ஹாக்கின் தீ அடியில் வெள்ளை, பிறகு மஞ்சள், ஆரஞ்சு, விளிம்பில் சிவப்பு, அதற்கு மேல் கரும்புகை. உள்ளே சிமிட்டும் ஒரு பொடி விளக்கு. இந்த வருடக் கண்காட்சிக்கு, பினாங்கில் தான் குடியிருக்கும், கீழே கடையும் மேலே வீடுமான கடைவீட்டையே மாடலாகச் செய்து எரிய வைத்திருந்தான். முகப்பில் தொங்கும் பெயர்ப்பலகையைக்கூட விடவில்லை: லிம் கிம் செங், தையல்காரர். மாமனார் இறந்த பிறகும் அதைக் கழற்ற மனைவி விடவில்லை.

மாடி சன்னலில் ஒரு சிறுமி பொம்மை. மகள் ஹுய் மின் அடம்பிடித்து வைத்தது. "அது நான்தான் பா. என் பேரை எழுது" என்றாள். முதுகில் எழுதினான்.

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம், செத்தவர்கள் வீடு தேடி வரும் மாதம். தெருவெல்லாம் காகிதம் எரிகிற வாசனை. வாசலில் ஊதுவத்தி செருகிவிட்டு வந்த மனைவி சியூ லிங் மேசை முன்னால் அப்படியே நின்றாள்.

"அப்பா பேர் போட்டு வீட்டைக் கொளுத்தி வச்சிருக்கியா?"

"கொளுத்தல. பஞ்சு."

"பேர் எழுதின வீடு. உள்ள பேர் எழுதின பொம்மை. செத்தவங்களுக்குக் காகிதத்துல வீடும் ஆளும் செஞ்சு, எரிச்சு, இப்படித்தானே அனுப்புவோம்?"

"நெஜமா எரிஞ்சாத்தானே போய்ச் சேரும். உங்கப்பா உயிரோட இருந்தப்பவே நான் குடுத்த எதையும் வாங்கினதில்ல."

அவள் சிரிக்கவில்லை. "காகிதம்னா எரிஞ்சு முடிஞ்சிடும். இது அணையவே அணையாதே. பேத்திக்குத் தச்ச கவுனை முடிக்காமப் போனவரு அவரு. பொம்மை மேல இருக்கிற பேரை அழிச்சிடு, ஹாக்."

அவள் கடைக்குப் போனாள். அழிக்கலாம், முதலில் ஒரு படம் எடுத்துவிடலாம் என்று அவன் நினைத்தான்.

மழை பிடித்தது. ஓட்டின் மேல் விழுகிற தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் மெல்லக் கலந்து, நின்று, மறுபடி கலந்து, பழைய தையல் எந்திரத்தை யாரோ அவசரமில்லாமல் மிதிப்பதுபோல் மாடியிலிருந்து இறங்கி வந்தது. கூடவே கஞ்சி போட்ட துணியில் சூடான இஸ்திரிப் பெட்டி பட்ட வாசனை. எந்திரத்தைப் போன வருடமே விற்றாகிவிட்டது.

தீ மறுபடி சாய்ந்திருந்தது.

சுவிட்சை அணைத்தான். மாடலின் சன்னல் அப்போதும் சிமிட்டியது. பேட்டரியைப் பிடுங்கினான். சிமிட்டியது. பஞ்சைத் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது.

"ஹுய் மின்!"

"இரு பா." மாடியிலிருந்து குரல். "அசையாம நிக்கச் சொல்றாரு."

பொம்மையைப் பிடுங்கித் திருப்பினான். பேரைக் காணவில்லை. அதன்மேல் மயிரிழைத் தையல்களோடு ஒரு கவுன். பக்கவாட்டில் ஒட்டியிருந்த கைகள், அளவெடுக்கக் கொடுப்பதுபோல் விரிந்திருந்தன.

எந்திரம் நின்றது.

படியேறினான். கதவு திறந்திருந்தது. சன்னலோரம் ஹுய் மின். கைகளை விரித்தபடி.

புதுக் கவுன். காலடியில் வெள்ளை. முழங்காலில் மஞ்சள். இடுப்பில் ஆரஞ்சு. தோளில் சிவப்பு.

"அளவு சரியா இருக்கு பா" என்று சிரித்தாள்.

காற்றே இல்லை. கவுனின் விளிம்பு அசைந்துகொண்டிருந்தது. அவள் தலைக்கு மேலே, மெல்ல, கரும்புகை.