அறைக்கு வெளியே ஒரு வால்வு

அன்புள்ள லோகேஸ்வரி அக்காவுக்கு,

சனிக்கிழமை அந்தத் தோட்டத்து வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். அத்தான் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில். பிளம்பர் சிவநேசன் சுவரோரம் குந்தியிருந்தார். நான் நடுவாசலில், இருவரையும் பார்த்தபடி. இதை முதலில் எழுதக் காரணம், நான்காவதாக ஓர் ஆள் அங்கே தண்ணீர் குடித்தார்.

போனில் சொல்லலாம். உன் போனை அத்தான் எடுத்துவிடுகிறார். வால்வு சரியாகிவிட்டது, அடுத்த வாரம் பிள்ளையோடு ரவாங் வீட்டிலிருந்து அங்கே குடிவந்துவிடலாம் என்றுதான் அவர் உன்னிடம் சொல்வார்.

பட்டப்பகல். செம்பனைக் காட்டின் புழுக்கம். உன் மாமனார் படுத்திருந்த அறைக்கு வெளியே, சுவரில் இருக்கிறதே, அந்த வால்வுதான் ஒழுகியது. சிவநேசன் மீட்டர் பக்கத்து மெயின் வால்வை அடைத்துவிட்டு வந்து சிரித்தார்.

“என்னாண்ணே, பாத்ரூம் பைப்புக்கு ரூமுக்கு வெளிய வால்வு? உள்ள இருக்கறவங்க தண்ணியத் திருடுவாங்களா?”

நான்தான் சொன்னேன். பெரியவருக்கு டயாலிசிஸ், தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்று அத்தான் வெளியே வால்வு வைத்து அடைத்தார். கடைசியில் பெரியவர் வறண்ட குழாயில் வாய் வைத்தபடியே இறந்து கிடந்தார். உனக்குத் தெரிந்ததுதான்.

சிவநேசன் அதன்பிறகு சிரிக்கவில்லை. பழைய வால்வைக் கழற்றினார். குழாய் வாயிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை.

குழாய்க்குள்ளே ஒரு சத்தம்.

மடக். மடக்.

“காத்து அடைச்சிருக்கும் லா,” என்று சிவநேசன் உள்ளங்கையைக் குழாயின் வாயில் வைத்தார்.

கை ஒட்டிக்கொண்டது.

“வெளிய வரலண்ணே,” என்று கிசுகிசுத்தார். “இழுக்குது.”

அத்தான் எழுந்து வந்தார். குழாயருகே குனிந்து, பிள்ளையைச் சமாதானம் செய்வதுபோல மெதுவாகச் சொன்னார்:

“போதும்ப்பா. டாக்டர் ஏசுவாரு.”

சத்தம் நின்றது. கை விடுபட்டது. அந்த உள்ளங்கை கருவாடுபோல வற்றிச் சுருங்கியிருந்தது. வலிக்கவில்லை, தாகமாயிருக்கிறது என்றார் சிவநேசன். தன் பாட்டிலைக் காலி செய்தார். பிறகு வாளியில் முகத்தைக் கவிழ்த்துக் குடித்தார். நிறுத்தவே இல்லை.

புது வால்வை அத்தானே முடுக்கினார். இப்போது ஒரு சொட்டுக்கூட ஒழுகுவதில்லை.

அதுதான் பயமாக இருக்கிறது அக்கா. குழாயில் கிடைக்காவிட்டால் அவர் எங்கே போய்க் குடிப்பார்? பவனேஷ் கைக்குழந்தை. அவன் உடம்பில் எவ்வளவு ஈரம் இருந்துவிடப் போகிறது?

வராதே. அத்தான் கெஞ்சினாலும் வராதே. இதை உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன்.

தம்பி,
புனிதன்

(உறையின் பின்புறம்)

கோலசிலாங்கூர் தபால் நிலையத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். வெளியே நல்ல மழை. உறையின் பசையை நாக்கால் நனைத்தேன். மடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. விரலை மழையில் நீட்டித் தடவினேன். அதுவும் காய்ந்தது.

டேப் போட்டு ஒட்டிவிட்டேன். கவுண்டரில் கூப்பிடுகிறார்கள், கொடுத்துவிடுகிறேன்.

அக்கா, இதைப் பிரித்த கையால் பிள்ளையைத் தொடாதே.