வரியில்லாச் சவப்பெட்டி

சவப்பெட்டிக்குள் போன் ஒலித்தது.

மூடி, ஆணி அடித்த சவப்பெட்டி!

மர அறுவை மில்லின் கிடங்கில் வரிசை வரிசையாக முன்னூறு சவப்பெட்டிகள். அதில் ஏதோ ஒன்றிலிருந்துதான் அந்த 'கிர்ர்ர்... கிர்ர்ர்...'

மேஸ்திரி ஒவ்வொரு பெட்டியாகக் காதை வைத்துக்கொண்டே போனார். ஒரு பெட்டி அருகே நின்றார். கடப்பாரையை நுழைத்து ஒரு நெம்பு.

மூடி பெயர்ந்தது.

"ஐயய்யோ... முதலாளீ...!"

அந்த அலறலில் கூரைப் புறாக்கள் அத்தனையும் வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் பறந்தன.

அடுத்த நிமிடம் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரின் போன் அதிர்ந்தது. மறுமுனையில் மில் முதலாளி. அதாவது, இன்ஸ்பெக்டரின் மாமனார்.

"மாப்பிள்ளை! சவப்பெட்டிக்குள்ள பொணம் கிடக்கு!"

"வேற எங்க மாமா கிடக்கணும்?"

"ஐயோ, இது அந்த மாதிரி சவப்பெட்டி இல்ல மாப்பிள்ளை! உடனே வாங்க... தனியா வாங்க!"

'தனியா' என்ற சொல் இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை.

காரணம் இருக்கிறது. இன்ஸ்பெக்டருக்குப் பிணம் என்றால் பயம்! இத்தனை வருட சர்வீஸில் ஒரு பிணத்தைக்கூட அவர் முழுசாகப் பார்த்தது கிடையாது. கான்ஸ்டபிள் பார்ப்பார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மீசையைத் தடவுவார். பார்க்கிறவர்கள், 'மனுஷன் என்னமா யோசிக்கிறார்!' என்பார்கள்.

ஜீப்பில் ஏறும்போதே மனைவியின் அழைப்பு.

"என்னங்க, அப்பா மில்லுல ஏதோ பொணமாமே?"

"உனக்கு எப்படி அதுக்குள்ள..."

"எங்கப்பா மேல கைய வெச்சீங்க... இனிமே சாப்பாடும் ஸ்டேஷன்ல, படுக்கையும் ஸ்டேஷன்ல! லாக்கப்புல இடம் இருக்கான்னு இப்பவே பாத்து வெச்சுக்குங்க!"

லைன் கட்!

மில் வாசலில் நாற்பது தொழிலாளர்கள் கையில் டிபன் பாக்ஸோடு நின்றிருந்தார்கள். மாதக்கணக்கில் ரம்பம் சுற்றவில்லை. இன்றைக்குச் சுற்றும் என்று நம்பி, துவைத்த சட்டை போட்டு வந்தவர்கள்.

இன்ஸ்பெக்டர் மாமனாரை ஓரமாக இழுத்துப் போனார்.

"மாமா, நீங்க அறுக்கறது மரம். சவப்பெட்டி வியாபாரம் எப்போலேருந்து?"

"வெளிநாட்டு மரத்துக்கு அரசாங்கம் வரி போட்டுச்சா... மில்லுக்காரங்க நாங்க மனு குடுத்தோம், கதவடைச்சோம், கத்தினோம். அசையவே இல்ல. அப்பத்தான் மரம் அனுப்பற நாட்டோட போட்ட ஒப்பந்தத்துல ஒரு ஓட்டை கண்ணுல பட்டுச்சு மாப்பிள்ளை. பலகையா வந்தாத்தான் வரி. செஞ்சு முடிச்ச சாமானா வந்தா வரியே கிடையாது!"

"அதனால?"

"அங்கேயே ஆறு பலகைய சேத்து ஆணி அடிச்சா சவப்பெட்டி. ஆணியப் புடுங்கினா ஆறு பலகை!"

இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்தார்.

"ஏன் மாமா, நல்லதா ஒரு அலமாரி செஞ்சு இறக்கக் கூடாதா?"

"அலமாரிக்குக் கீல் வேணும், கைப்பிடி வேணும், பூட்டு வேணும். இதுக்கு என்ன வேணும்? உள்ள போறவன் வந்து குறை சொல்லப் போறானா?"

"சரி, செத்தது யாரு?"

மாமனார் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னிக்குப் பகல்ல அந்த ஒப்பந்தத்தப் புதுப்பிச்சுக் கையெழுத்துப் போடறாங்க. ஓட்டைய அடைக்கறதா, விடறதான்னு பாத்துச் சொல்ல அமைச்சர் ஒரு ஆபீசரை அனுப்பறார்னு தகவல் வந்துச்சு..."

"ஆபீசர் எங்க?"

மாமனார் கிடங்கைக் காட்டினார்.

"...வந்துட்டார்!"

கிடங்கு. திறந்த பெட்டி. இன்ஸ்பெக்டர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மீசைக்குக் கை போனது.

"மேஸ்திரி, ஆள் எப்படி இருக்கார்?"

"மூக்குக்கண்ணாடி போட்டிருக்காருங்க. நெஞ்சு மேல அளவு டேப்பு. கண்ணு மூடியிருக்கு."

"மூச்சு?"

"போலீஸு நீங்க இருக்கும்போது நான் எதுக்குங்க தொடணும்?"

"நான் சூழ்நிலைய ஆராயறேன்யா! ஆணி அடிச்சது யாரு?"

"நான்தாங்க. முதலாளிதான் சொன்னாரு."

"என்னது!"

"கப்பல்ல குலுங்கி மூடியெல்லாம் கழண்டு கிடந்துச்சுங்க. மூடி கழண்டா அது பலகை, வரி கட்டணும். 'ஆபீசர் வர்றதுக்குள்ள ஒண்ணு விடாம அடிச்சுரு'ன்னாரு. விடியறதுக்குள்ள ஆரம்பிச்சு அடிச்சுக்கிட்டே போனேன். வெறும் பெட்டிதானேங்க, உள்ள எட்டியா பாப்பாங்க?"

உத்தரவு போட்டவர் மாமனார். ஆணி அடித்தவர் மேஸ்திரி. உள்ளே அரசாங்க அதிகாரி. கேஸ் கண்ணாடி மாதிரி தெளிவு! இன்ஸ்பெக்டரின் கை விலங்கைத் தேடியது. மனம் லாக்கப்பில் பாய் விரித்தது.

அப்போது...

பிணத்தின் பாக்கெட்டில் மறுபடியும் 'கிர்ர்ர்!'

கண்களை இறுக மூடிக்கொண்டு, இரண்டே விரலால் இன்ஸ்பெக்டர் போனைப் பிடுங்கினார்.

"யோவ்! அமைச்சர் பேசறேன். எத்தனை தடவை அடிக்கறது?"

"சார்... ஆபீசர் படுத்திருக்கார் சார்."

"படுத்திருக்காரா! இங்க அந்த நாட்டுக்காரங்க பேனா மூடியக் கழட்டி வெச்சுக்கிட்டு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டிருக்காங்க! அது சவப்பெட்டியா, பலகையா? எழுப்பிக் கேளுய்யா!"

"எழுப்பற நிலைமைய... தாண்டிட்ட மாதிரி தெரியுது சார்."

"என் இலாகா ஆளுங்களை எப்படி எழுப்பறதுன்னு எனக்குத் தெரியும். ஸ்பீக்கரைப் போடு!"

போட்டார்.

"யோவ்! இப்ப எந்திரிக்கல... உன் இன்க்ரிமென்ட் கட்!"

பிணம் எழுந்தது!

இன்ஸ்பெக்டர் விழுந்தார்!

கண் விழித்தபோது மாமனார் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை... ஆபீசர் உயிரோட இருக்கார்."

"நல்லதுதானே மாமா!"

"என்னத்த நல்லது? செத்திருந்தா எனக்கு ஜெயிலு. பொழைச்சதால மில்லுக்கு மூடுவிழா. பேசாம... திரும்ப மூடிடலாமா?"

"மாமா!"

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

ஆபீசர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியில் உட்கார்ந்திருந்தார். திடீர்ச் சோதனைக்காகச் சொல்லாமல் கொள்ளாமல் இருட்டிலேயே வந்தாராம். மரத்தூள் ஒத்துக்கொள்ளாது. தும்மல் நிற்க இரண்டு மாத்திரை போட்டாராம், தூக்கத்தைக் கொண்டுவரும் ரகம். ஆள் படுக்க நீளம் போதுமா என்று படுத்தார். மூடி பொருந்துகிறதா என்று உள்ளிருந்தே இழுத்தார். அவ்வளவுதான் ஞாபகம்!

போனை வாங்கினார்.

"ஐயா... சந்தேகமே இல்ல. சவப்பெட்டிதான்! நானே படுத்துப் பாத்துட்டேன். பலகை இடுக்குல காத்துகூட வருது!"

"அப்ப ஓட்டை அப்படியே இருக்கட்டும்!" என்றார் அமைச்சர். கையெழுத்தும் போட்டுவிட்டார்.

கிடங்கே கூத்தாடியது. மாமனார் மேஸ்திரியைக் கட்டிப்பிடித்துச் சுற்றினார்.

"ஒரு நிமிஷம்!" ஆபீசர் விரலை உயர்த்தினார். "சவப்பெட்டின்னு சொல்லி வரியில்லாம வந்தது, சவப்பெட்டியாத்தான் போகணும். ஒரே ஒரு ஆணியக் கழட்டினாலும் ஜெயில்!"

மாமனார் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். முன்னூறு பெட்டிகளையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு மெல்ல,

"மாப்பிள்ளை... உங்க ஸ்டேஷன் எல்லையில கொலை, கிலைன்னு ஒண்ணும் நடக்கறதில்லையா?"

"முன்னூறா மாமா?"

வாசலில் டிபன் பாக்ஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. யாரும் கத்தவில்லை. ஒருவர் மட்டும் ரம்பத்தின் மேலிருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டரால் அதைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பவும் மனசு வரவில்லை. வேறு வழியின்றி, வாழ்க்கையில் முதல் முறையாக, சவப்பெட்டிக்குள் நேராகப் பார்த்தார்.

மடித்து வைத்த கோட்டு. அதில் தலை அழுந்திய பள்ளம்.

"சார்... நீங்க இதுல தூங்கினீங்க, இல்ல?"

ஆபீசர் பதறினார். "லேசா அசந்துட்டேன். ரிப்போர்ட்ல அதெல்லாம் எழுதிடாதீங்க!"

"தூங்கி எந்திரிச்சும் வந்துட்டீங்க."

"அதான் பாக்கறீங்களே!"

"மனுஷன் படுத்துத் தூங்கி எந்திரிக்கற சாமானுக்கு என்ன சார் பேரு?"

ஆபீசர் பெட்டியைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார்.

"...கட்டில்."

"அதுவும் செஞ்சு முடிச்ச சாமான்தானே? வரி?"

"கிடையாது."

"கழட்டினா ஜெயிலா?"

"கட்டிலுக்கு எவன்யா ஜெயிலு குடுப்பான்? வீடு மாத்தறவன் எல்லாம் கழட்டத்தான் செய்யறான்!"

"அப்ப 'ஆபீசர் கடமை நேரத்தில் தூங்கினார்'னு நான் எழுதல. 'கட்டிலைச் சோதனை செய்தார்'னு எழுதிக்கறேன்."

ஆபீசர் கண்ணாடியைத் துடைத்தார். நிறையவே துடைத்தார்.

"சரி. ஆனா இது ஒண்ணுதான் கட்டில். மத்ததுல எல்லாம் ஆள் தூங்கி எந்திரிக்கறத என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா எழுத மாட்டேன்!"

மாமனார் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினார்.

"டேய்! எல்லாரும் உள்ள வாங்கடா! யாருக்குடா தூக்கம் வருது?"

நாற்பது கைகள் உயர்ந்தன! சம்பளத்தோடு தூக்கம் என்றால் எவன் விடுவான்?

சற்று நேரத்தில் கிடங்கு முழுக்கக் குறட்டை. ஆபீசர் வரிசை வரிசையாக நடந்து டிக் அடித்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரின் போன் அதிர்ந்தது. மனைவி!

"என்னங்க, ஏன் கிசுகிசுன்னு பேசறீங்க? எங்கப்பா எங்க?"

"நாலாவது சவப்பெட்டில இருக்கார்."

"ஐயோ அப்பா! என்னது... நாலாவதா?"

"ஆமா. முதல் மூணுலேருந்தும் எந்திரிச்சுட்டார்!"